நாற்பத்தொரு கையொப்பங்கள்

ஜூலை 1, செவ்வாய்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. விடியவே மூக்குக்குள் மணல். கொடியில் போட்ட அபாயா பக்கத்து வளவு மாமரத்தில்.

இன்றைய வேலை:
– மகளின் சப்பாத்து, இடது கால் வாய் பிளந்துவிட்டது
– மூன்றாம் அத்தியாயம், அடிக்குறிப்புகள்
– லீவுக் கடிதம் என்ன ஆனது, பௌசுலிடம் கேட்க
– காஸ் சிலிண்டர்

முடிந்தது: காஸ் மட்டும்.

பௌசுல் எங்கள் ஒபிஸில் லீவு விஷயம் பார்க்கும் கிளார்க். தலையை நிமிர்த்தாமலே பதில். "சேர்ர மேசைக்குப் போயிரிச்சி மிஸ். அவர் பார்த்துட்டுச் செல்லுவார்." மார்ச் மாதத்திலிருந்து இதே வசனம், இதே ராகம். நான் கேட்டது ஒரு வருடக் கற்கை லீவு. நான்கு வருடமாகக் காலையில் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர், அஸர் தொழுகைக்குப் பிறகு கலாநிதிப் பட்ட மாணவி, இடையில் சோறு கறி. எழுதி முடிக்க ஒரு வருடம் கேட்டால் நான்கு மாதமாக மேசை மேசையாகப் போகிறது.

கோபப்படவும் எனக்கு வாய் இல்லை. கவுண்டருக்கு வருகிற சனத்துக்கு நானும் அதைத்தானே சொல்கிறேன். "வெச்சிட்டுப் போங்க, பார்த்துட்டுச் செல்றம்." பார்த்துச் சொல்வதாக இன்று மட்டும் மூன்று பேருக்குச் சொன்னேன். ஒருவர் வரிப்பத்தான்சேனையில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்.

ஆய்வுத் தலைப்பு, பேராசிரியர் நேற்று ஐந்தாவது தடவையாக மாற்றியபடி: பிரதேச மட்டக் கொள்கை வகுப்பில் பொதுமக்கள் பங்குபற்றல், தோற்றமும் நடைமுறையும். வீட்டில் இவர் வாசித்துவிட்டு, "தலைப்பிலயே மூச்சு வாங்குதே" என்றார். கணித ஆசிரியருக்கு எல்லாம் சுருக்கமாக வர வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

தலையிடி. பஸ்ஸில் இடமில்லை, சாய்ந்தமருதில் இருந்து நின்றபடியே.

பி.செ. கூப்பிட்டார். பிரதேச செயலாளரை நான் இதில் பி.செ. என்றே எழுதுகிறேன், முழுப்பட்டத்துக்கு இந்தக் கொப்பி போதாது. கரையோரப் பூங்காத் திட்டத்தின் பைலைத் தந்தார். 15ஆம் திகதி மாவட்டக் கூட்டத்தில் முடிவு. அதற்கு மக்கள் கருத்தின் சுருக்கம் இரண்டு பக்கத்தில் வேண்டுமாம். "நம்மட ஒபிஸ்ல இதைப் படிச்ச ஆள் நீங்கதானே மிஸ்."

சந்தோசமாக வாங்கிக்கொண்டு வந்தேன். அதையும் எழுதி வைக்கிறேன். உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

திட்டம்: நடைபாதை, உட்காரச் சீமெந்து வாங்குகள், வளைவு, ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் ஆளுயர எழுத்தில், அதன் முன்னால் நின்று படம் பிடிக்க. இடம்: கருவாட்டுக்கரை. பெண்கள் கீரி மீனும் நெத்தலியும் காயப்போடுகிற அந்த மணல் முழுக்க. வரைபடத்தில் அந்த இடத்துக்கு எழுதியிருந்தது, "வெற்று நிலம்".

என் ஆய்வுக்கு நேர்காணல் எடுத்ததெல்லாம் அந்தக் கரையில்தான். நாற்பத்தொரு பெண்கள். எத்தனையோ தடவை போய் உப்புத் தொட்டி விளிம்பில் குந்தியிருந்து கேட்டது. நாற்பத்தொரு பேரும் ஒரே மாதிரிச் சொன்னது: எங்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

பைலைப் புரட்டினேன். இணைப்பு 1 வரைபடம். இணைப்பு 2 மதிப்பீடு. இணைப்பு 3, "பொதுமக்கள் கலந்தாலோசனை: வருகையும் சம்மதமும்". மூன்று தாள். பெயர், விலாசம், கிராம சேவகரின் ஜீ.எஸ். பிரிவு, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம்.

நாற்பத்தொன்று.

என் தாள்கள். நான் அடித்த கட்டங்கள். இரண்டாம் தாளின் மூலையில் என் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம்கூடப் போட்டோ கொப்பியில் விழுந்திருக்கிறது. மேலே தலைப்பை மட்டும் யாரோ நீலப் பேனையால் எழுதியிருக்கிறார்கள்.

மத்தியானம் சாப்பிடவில்லை. பார்சலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

ஜும்ஆ நாள், ஒபிஸ் பாதி வெறுமை. நேற்று முழுக்க மற்றவர்களைத் திட்டினேன். இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

மார்ச்சில் லீவுக்கு விண்ணப்பித்தபோது களவேலை செய்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். நேர்காணலுக்குச் சம்மதம் எடுத்த படிவத்தின் கொப்பியைக் கொடுத்தேன். பௌசுல் வாங்கி, "வெச்சிட்டுப் போங்க மிஸ்" என்றார். முதல் பக்கத்தில் விளக்கம்: இது ஆய்வு, படிப்புக்கு மட்டும், பெயர் வெளிவராது. பின்னால் கையொப்பத் தாள்கள் மூன்று, ஸ்டேப்ளர் பின் அடித்து. பின்னைக் கழற்ற எவ்வளவு நேரம் போகும்? முதல் பக்கம் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது.

இது அவர்கள் செய்தது. இனி நான் செய்தது.

கெம்பஸ் தந்த மாதிரிப் படிவத்தில் அடையாள அட்டை இலக்கத்துக்குக் கட்டமே இல்லை. பெயரின் முதலெழுத்தும் ஒப்பமும் போதும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நான்தான் ஒபிஸ் கம்பியூட்டரில் உட்கார்ந்து, ஒபிஸ் பழக்கத்தில், விலாசம், ஜீ.எஸ். பிரிவு, அடையாள அட்டை இலக்கம் என்று மூன்று கட்டம் கூட்டினேன். பதினான்கு வருடமாக எந்த லிஸ்ட் அடித்தாலும் அந்த மூன்றும் வரும். நிவாரண லிஸ்ட், மலசலகூட லிஸ்ட், கோழிக்குஞ்சு லிஸ்ட். கை தானாகப் போட்டது. அடித்து முடித்துவிட்டு அழகாக இருக்கிறது என்றும் நினைத்தேன்.

அந்த இலக்கம் இல்லாவிட்டால் அது வெறும் தாள். எந்த மாவட்டக் கூட்டத்திலும் எடுபடாது. அதைச் சட்டப்படி செல்லுபடியாக்கிக் கொடுத்தது நான்.

கருவாட்டுக்கரை நபீசா ராத்தா ஆறாவது நிரை. என் ஆய்வில் அவருக்குப் பெயர் இல்லை, பதிலாளி 6. பைலில் பெயர் இருக்கிறது, விலாசம் இருக்கிறது, ஒன்பது இலக்கமும் கடைசியில் வீ எழுத்தும் இருக்கிறது.

மகளுக்குச் சப்பாத்து வாங்கினேன். ஒரு அளவு பெரிது. பஞ்சு வைத்துப் போடச் சொன்னேன்.

ஜூலை 5, சனி

கருவாட்டுக்கரைக்குப் போனேன். சொல்லத்தான் போனேன்.

கச்சான் காற்றுக்குக் கருவாடு நன்றாகக் காய்கிறது. தட்டிகள் முழுக்கக் கீரி, வலை மூடி. நபீசா ராத்தா உப்புக் கையோடு எழும்பி வந்தார். ஐம்பத்தைந்து இருக்கும். பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுவார், எனக்குத்தான் கீழே பார்க்க வரும்.

"வாங்க மகள். படிப்பு முடிஞ்சா?"

"இன்னம் இல்ல ராத்தா."

"என்ன படிப்பு இது, முடியவே மாட்டேங்குதே. டொக்டர் படிப்புக் கூட இவ்வளவு இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கேட்டேன், அன்று தாளில் கையெழுத்து வைக்கும்போது அது என்ன தாள் என்று ஏன் கேட்கவில்லை என்று. ஆய்வுக் கேள்வி மாதிரிக் கேட்டேன், கோழைக்கு அதுதான் வசதி.

"கேட்டு என்னத்துக்கு? சுனாமிக்குப் பொறகு மொத லிஸ்ட் எழுத வந்தாங்க. நான் அண்டைக்கு அம்பாறை ஆஸ்பத்திரியில. பேர் விடுபட்டுப் போச்சி. அந்த ஒரு லிஸ்டால ஏழு வருசம் தகரக் கொட்டில்ல கெடந்தன் மகள். மறுகா எந்தத் தாள் வந்தாலும் வெச்சிருவன். வெச்சா என்ன கொறையப் போகுது? வெக்காட்டித்தான் கொறையும்."

பக்கத்தில் இருந்தவர், "நம்பர் கேட்டா இன்னம் நல்லம். அப்பத்தான் அது சரியான லிஸ்ட்" என்றார்.

நேர்காணலிலும் அவர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள், பதிவில் இருக்கிறது. "நிறுவன நம்பிக்கை" என்று தலைப்புப் போட்டு மூன்றாம் அத்தியாயத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். பேராசிரியர் பக்கத்தில் சரி போட்டிருந்தார்.

சொல்லவில்லை. ராத்தா ஒரு பொதி நெத்தலி தந்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பக்கத்துச் சீற்றுக்காரி மூக்கைப் பொத்தினாள்.

ஜூலை 7, திங்கள்

பி.செ.யின் அறை. ஏ.சி. குளிர், மேசையில் பிளாஸ்டிக் பூ. மனிதர் மரியாதையானவர். இன்றுவரை யாரையும் சத்தம் போட்டதில்லை. எழுதுகிறேன், மறந்துபோவதற்கு முன்.

"இரிங்க மிஸ். டீ குடிக்கிறதா?"

"வேணாம் சேர். இணைப்பு மூண்டு... அது என்ட ஆய்வுக்கு எடுத்த கையெழுத்து. கலந்தாலோசனை ஒண்டும் நடக்கல்ல."

"நீங்க அவங்களோட கதைச்சீங்கதானே?"

"ஓம்."

"கடற்கரையப் பத்தி?"

"ஓம் சேர், ஆனா..."

"நீங்க ஆரு? இந்த ஒபிஸ் உத்தியோகத்தர். நீங்க கதைச்சா ஒபிஸ் கதைச்ச மாதிரித்தான். நாப்பத்தொரு பேரோட ஆறுதலா இரிந்து கதைச்சிரிக்கீங்க. வேற எந்தத் திட்டத்துக்கு இப்பிடிக் கலந்தாலோசன நடந்திரிக்கி, செல்லுங்க பாப்பம்?"

உண்மையிலேயே வேறு எந்தத் திட்டத்துக்கும் நடந்ததில்லை. என் ஆய்வின் முடிவே அதுதான்.

"சேர், அவங்க வேணாம் எண்டுதான் செல்லுவாங்க."

"நீங்க கேட்டீங்களா, பூங்கா வேணுமா வேணாமா எண்டு?"

கேட்கவில்லை. அப்போது பூங்கா என்ற கதையே எனக்குத் தெரியாது.

"அப்ப வேணாம் எண்டும் அவங்க செல்லல்ல." சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, கணக்கு சரி வந்தவரின் சிரிப்பு. "ஆட்சேபனை இரிந்தா வாற திங்கள் பன்னிரண்டு மணிக்குள்ள மாவட்டக் கச்சேரிக்கு எழுதட்டும். வழி தெறந்துதான் இரிக்கி. ஒங்கட லீவுக் கடிதமும் இஞ்சதான் கெடக்கு, இந்தக் கிழமைக்குள்ள முடிச்சிருவம். சுருக்கத்த மட்டும் கெதியாத் தாங்க."

வெளியே வந்தபோது பௌசுல் மெதுவாக, "மிஸ், தலைப்பு எழுதினது நான்தான். சேர் செல்லச் செல்ல எழுதின. என்ன தாள் எண்டு நான் கேக்கல்ல" என்றார். அவரும் கேட்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பேராசிரியருக்குப் போன். மூன்றாவது தடவைதான் எடுத்தார். முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, "மாஷா அல்லாஹ், இது தங்கமான கேஸ்" என்றார்.

"சேர்?"

"ஒங்கட மொத்த வாதமும் இதுக்குள்ள வந்திரிச்சி. ஆறாம் அத்தியாயமாப் போடுங்க. வெளியில இரிந்து பரிசோதிக்க வாறவங்க இதப் பார்த்துட்டு எழும்பி நிப்பாங்க."

"அந்தப் பொம்புளைகள் சேர்? திங்கட்கிழமையோட இடம் போயிரும்."

"பேர மாத்துங்க. ஒபிஸ் பேர எடுத்துடுங்க. ஒங்கட பேரையும் எடுத்துடுங்க, 'ஒரு உத்தியோகத்தர்' எண்டு போதும்." பிறகு நினைவு வந்ததுபோல், "நீங்க ஏன் அடையாள அட்டை நம்பர் எடுத்தீங்க? படிவத்தில அது இல்லையே."

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

வெட்கக்கேடு: போனை வைத்த பிறகு ஆறாம் அத்தியாயத்துக்கு மனதுக்குள் ஒரு தலைப்பும் வந்துவிட்டது. நல்ல தலைப்பு. எழுத மாட்டேன் இங்கே.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமிப் போயா லீவு. உடுப்புக் கழுவல், மகளுக்கு வகுப்பு, மீன்காரன் வரவில்லை, நெத்தலி பொரியல். யாரும் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்கள். என் பங்கை மகளின் தட்டில் வைத்தேன்.

சுருக்கம் எழுத உட்கார்ந்தேன். முதல் வசனம், "பிரதேச மக்களின் கருத்துகள் பெறப்பட்டன." யார் பெற்றது என்று இல்லாத வசனம். இப்படி எத்தனை எழுதியிருக்கிறேன். வழங்கப்பட்டது, தீர்மானிக்கப்பட்டது, அகற்றப்பட்டது. ஒரு ஆளும் அகப்படமாட்டான்.

அழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். கச்சேரிக்குக் கடிதம். கீழே கையொப்பமிட்ட நாங்கள் எந்தக் கலந்தாலோசனைக்கும் போகவில்லை, எங்கள் கையொப்பம் படிப்பு வேலைக்கென்று எடுக்கப்பட்டது, எங்களுக்குச் சம்மதம் இல்லை. ஒரு பக்கம். கீழே நாற்பத்தொரு நிரை. கட்டங்கள்: பெயர், விலாசம், ஜீ.எஸ். பிரிவு, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். இந்த முறை தெரிந்தேதான் போட்டேன்.

இவர் வாசித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"லீவு கையில வரட்டும். மறுகா குடேன்."

"லீவு இந்தக் கிழமை வரும். திங்களுக்குள்ள இது போகணும்."

"இதில உன்ட பேரு எங்க?"

"மக்கள்ற கடிதம்தானே இது."

"ஓ" என்றார். அவ்வளவுதான். விடைத்தாள் திருத்தப் போய்விட்டார். அந்த "ஓ" பின்னேரம் முழுக்க என்னோடு இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

லீவு வந்துவிட்டது. ஒரு வருடம், முழுச் சம்பளத்தோடு. பி.செ.யின் ஒப்பம், முத்திரை, எல்லாம் ஒழுங்கு. பௌசுல் கொண்டுவந்து தந்தார், "வாழ்த்துகள் மிஸ்." அடியில் ஒரு வரி: நன்னடத்தை தொடர்பில் முறைப்பாடு எதுவும் கிடைக்கப்பெற்றால் இவ்வனுமதி இரத்துச் செய்யப்படலாம். எல்லா லீவுக் கடிதத்திலும் வருகிற வரிதான். நானே எத்தனை பேருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். இன்றுதான் வாசித்தேன்.

பி.செ. சுருக்கத்தைக் கேட்டார். திங்கள் தருகிறேன் என்றேன்.

பஸ்ஸில் இருந்து பார்த்தேன், கருவாட்டுக்கரையில் சீமெந்துத் தூண்கள் இறக்கியிருக்கிறார்கள். முடிவு செவ்வாய்க்கிழமைதான். தூண் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது.

ஜூலை 12, சனி

காற்று. மணல் முகத்தில் அடிக்கிறது.

சொல்லிவிட்டேன். உப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும். தாள் எப்படிப் போனது, தலைப்பை யார் எழுதியது, நம்பருக்குக் கட்டம் போட்டது யார். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யாரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். ஒருத்தி தூண் கிடக்கிற பக்கம் பார்த்தாள், பிறகு கருவாட்டைப் புரட்டப் போனாள்.

கடிதத்தை நீட்டினேன். நபீசா ராத்தா கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினார். மற்ற நாளென்றால் பேனை எங்கே என்று கேட்பார், நம்பரை ஒரே மூச்சில் சொல்வார்.

"வாசிங்க" என்றார்.

வாசித்தேன். இடையில் நிறுத்தினார். "அந்த வரிய இன்னொருக்கா." வாசித்தேன். "'எடுக்கப்பட்டது' எண்டு இரிக்கி. ஆரு எடுத்த?"

"நான்தான் ராத்தா."

"அப்ப அதப் போடுங்க."

வெட்டி எழுதினேன். என் பெயர், பதவி.

கீழே இருந்த நிரைகளை விரலால் எண்ணிப் பார்த்தார். "நாங்க நாப்பத்தொரு பேர். ஒங்களுக்கு இதில இடம் இல்லையே."

"இது ஒங்கட கடிதம் ராத்தா."

"இல்ல, மொதல்ல நீங்க வெய்ங்க. நம்பரோட."

பேனையை எடுத்தேன். லீவுக் கடிதத்தின் அந்தக் கடைசி வரி அப்படியே கண்ணுக்குள். பயம்தான், வேறென்ன. முதல் நிரையில் பெயர், விலாசம், ஜீ.எஸ். பிரிவு எழுதினேன். நம்பர் பாதியில் மறந்துவிட்டது. கைப்பையில் அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்துத்தான் எழுதினேன். பதினான்கு வருடமாக மற்றவர்களிடம் கேட்டவளுக்குத் தன் நம்பர் பாடமில்லை. ஒப்பம் வைத்தேன்.

பேனையை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. தாளை மட்டும் வாங்கி நாலாக மடித்து, அடையாள அட்டை வைத்திருக்கும் பொலித்தீன் பைக்குள் வைத்தார்.

"ராத்தா, திங்கள் பன்னிரண்டு மணிக்குள்ள..."

"வெச்சிட்டுப் போங்க மிஸ்" என்றார். கோபமே இல்லை. "நாங்க பார்த்துட்டுச் செல்றம்."